நான் சொல்லாமல் விட்ட "இருங்க"

எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு வந்தவர் "அப்ப நான் கிளம்புறேன்" என்று எழுந்தால் அது கிளம்புவதற்காக அல்ல. "இருங்க, என்ன அவசரம், காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். வந்தவர் மறுபடி உட்காருவார். வந்த காரியம் அதற்குப் பிறகுதான் வாயில் வரும். உத்தமபாளையத்தில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கும் இது தெரியும்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். தலைவர் என்றால் விழா மேடையில் நடு நாற்காலி, அவ்வளவுதான். குழுவை வளர்த்தவர் பயிற்சியாளர். அனுமந்தன்பட்டிக்காரர். இளமையில் கேரளத்தில் ஆடியவர் என்பதால் எந்தப் பையனையும் "மோனே" என்றுதான் கூப்பிடுவார். மழை பெய்த மறுநாள் அவர்தான் முதலில் வந்து, மைதானத்தில் தேங்கிய தண்ணீரைச் சாக்கால் ஒற்றி எடுத்துக்கொண்டிருப்பார். தோற்றால் திட்டமாட்டார். பையன்களைப் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்து, பிறகு தட்டையும் தம்ளரையும் ஆட்டக்காரர்களாக நகர்த்தி, எங்கே கோட்டை விட்டோம் என்று காட்டுவார். "கோச், உங்க ஆட்டம் முடிஞ்சா சொல்லுங்க, தட்டக் கழுவணும்" என்பார் கடைக்காரர்.

நாங்கள் மாவட்டக் கோப்பையை முதல்முறையாக வாங்கிய ஆண்டு ஊரில் பாராட்டு விழா வைத்தோம். நான் உரை எழுதிக்கொண்டு போயிருந்தேன். பாதி வாசித்திருப்பேன். பயிற்சியாளர் தாமதமாக வந்து கூட்டத்தின் பின்னால் நின்றதை யாரோ பார்த்துவிட்டார்கள். பையன்கள் மேடையிலிருந்து குதித்து ஓடி அவரைத் தோளில் தூக்கினார்கள். கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பிப் போனது. மைக் செட்டுக்காரர் என் காதருகே வந்து கேட்டார்: "சார், நிறுத்திரவா? நாற்காலிதான் கேட்டுக்கிட்டு இருக்கு."

மைக் அணையாமல் இருந்ததால் அது ஒலிபெருக்கியில் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலிகள் கண்முன் வந்தன. இதை இத்தனை வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து ஒரு மாலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தேனியில ஒரு குழுவுல கூப்பிடுறாக சார்."

"நல்ல விஷயம்தானே" என்றேன்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லலாம்னு..."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் மழையைப் பற்றி, திராட்சை விலையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு எழுந்தார். "அப்ப நான் கிளம்புறேன் சார்."

நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார், மடித்தார், பையில் வைத்தார். "கிளம்புறேன்" என்றார் மறுபடியும். நான் எழுந்து அவருக்கு முன்னால் நடந்து கேட்டைத் திறந்துவிட்டேன்.

வெளியே நின்று, "பயலுககிட்ட நீங்களே சொல்லிருங்க சார். எனக்கு வாய் வராது" என்றார்.

திரும்பி வந்தபோது மனைவி காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். "போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள அனுப்பிட்டீகளா?"

"அவரே கிளம்பிட்டாரு."

"ரெண்டு தடவை கிளம்புறேன்னு சொன்னாக. அடுப்படியில இருந்த எனக்கே கேட்டுச்சு" என்றாள். அந்தக் காப்பியை அவளே குடித்தாள்.

மறுநாள் மைதானத்தில், கோச் ஏன் வரவில்லை என்று பையன்கள் கேட்டார்கள். "தேனியில நிறையக் குடுக்குறாகளாம்ப்பா. நாம என்ன செய்ய முடியும்?" என்றேன். சம்பளத்தைப் பற்றி அவர் ஒரு சொல்கூடச் சொல்லியிருக்கவில்லை. கோல்கீப்பர் பையன் கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தான். தகப்பனில்லாதவன், அந்தக் கையுறை அவர் வாங்கித் தந்தது. அதன்பின் அவர் போன் செய்தபோது அவர்களில் ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கும் செய்தார். "பயலுக கோவமா இருக்காகளோ?" என்றார். "சின்னப் பசங்க, சரியாயிரும்" என்றேன்.

இந்த ஆண்டு தேனியில் நடந்த மாவட்டக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே நின்றது அவருடைய குழு. ஆட்டத்துக்கு முன் அவர் மைதானத்தைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார். நரை கூடியிருந்தது. "எப்படிடா இருக்கீக, மோனே?" என்று கையை நீட்டினார்.

பையன்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு ஷூ கயிற்றைக் கட்டினார்கள். கோல்கீப்பர் உரக்கச் சொன்னான்: "ஏலே, பெரிய இடத்து ஆளுக வந்திருக்காக, வழி விடுங்கடா. நம்ம அழுக்கு ஒட்டிரப் போகுது."

நீட்டிய கையால் அவர் தலையைத் தடவிக்கொண்டார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார். திரும்பி நடந்தார்.

நாங்கள் ஜெயித்தோம். அவர் தட்டையும் தம்ளரையும் வைத்துக் காட்டிய அதே வழியில் பந்து போய் கோல் விழுந்தது. எதிர்ப்பக்கம் கைதட்டியது அவர் ஒருவர்தான். பையன்கள் கோப்பையை அவர் பக்கம் ஆட்டிக் காட்டி ஊளையிட்டார்கள்.

வேனில் கோப்பையை என் மடியில் வைத்தார்கள். பாட்டும் விசிலுமாக இருந்தது. வீரபாண்டியைத் தாண்டும்போது பாட்டை நிறுத்தச் சொன்னேன். அவர் என் வீட்டுக்கு வந்ததையும், இரண்டு தடவை கிளம்புறேன் என்று சொல்லி நின்றதையும், நான் கேட்டைத் திறந்துவிட்டதையும் சொன்னேன். பணத்துக்காகப் போனார் என்றது என் பொய் என்றும் சொன்னேன். சொல்லும்போது கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கோல்கீப்பர், "ஒரு தடவை இருங்கன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பாகளா சார்?" என்று கேட்டான்.

"இருந்திருப்பாரு."

"அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க" என்றான் டிரைவரிடம்.

அவன் இறங்கிச் சாலையைக் கடந்து தேனிப் பக்கம் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினான். ஒவ்வொருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவன் மட்டும் வேன் கதவைச் சாத்திவிட்டுப் போனான், ஒரு கிழவரைப் பத்திரமாக உள்ளே வைப்பதுபோல.

பஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர் இன்னும் மைதானத்தில் இருப்பாரா, இவர்கள் முகத்தைப் பார்ப்பாரா, எனக்குத் தெரியவில்லை. கூடப் போக எனக்கு முகம் இல்லை.

"நாம கிளம்பலாமா சார்?" என்றார் டிரைவர்.

"இருங்க" என்றேன்.