செல்லப்பன் தொட்டியில் என்ன பூச்சி

அரியலூரிலிருந்து காலை ஐந்தரை மணிக்குப் பெரம்பலூர் புறப்படும் பஸ்ஸில் செல்லப்பன் கண்டக்டர். ஐம்பத்தொரு வயது. டீ குடிக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார். ஊரில் அவருக்கு இருந்த ஒரே கெட்ட பெயர், வீட்டுக்குள் கடல்தண்ணீர் வைத்திருக்கிறார் என்பதுதான்.

ஏழு வருடத்துக்கு முன் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் டியூட்டி போட்டார்கள். நாகப்பட்டினத்தில் சாப்பிடப் போன ஹோட்டலில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப்பட்டை போட்ட இரண்டு மீன்கள் நீந்தின. பின்னால் பூப்போல விரிந்து மூடும் ஏதோ ஒன்று. இலை போட்டுச் சாப்பாடு வைத்த பிறகும் செல்லப்பன் தொட்டி முன்னாலேயே நின்றார். டிரைவர் அரியமுத்து வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

அதன் பிறகு யூடியூப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். டிவி இருந்த இடத்தில் இரண்டரை அடித் தொட்டி வந்தது. அரியலூர்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், அது ஆகாது. அதனால் வடிகட்டும் மிஷின் ஒன்று வந்தது. கடல்தண்ணீர் கலக்கக் கூரியரில் உப்பு மூட்டை வந்தது. “நாம குடிக்கிறதவிட மீனு நல்ல தண்ணி குடிக்குது” என்று அவர் மனைவி ஜெயசுதா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். ஆனால் ஹோட்டலில் பார்த்த அதே வெள்ளைப்பட்டைக் கோமாளி மீன் இரண்டு வந்து சேர்ந்த அன்றைக்கு, நாற்காலியை இழுத்துப் போட்டு முதலில் உட்கார்ந்தவளும் அவள்தான்.

போன ஆடி மாதம் திருச்சியில் ஒருவர் தன் தொட்டியைக் கலைக்கிறார் என்று கேள்விப்பட்டு, செல்லப்பன் போய் ஒரு பாறைத் துண்டை வாங்கி வந்தார். ஈரப் பேப்பரில் சுற்றி, வாளியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தார். “பத்திரம், இது உயிருள்ள கல்லு” என்று கொடுத்தவர் சொல்லியிருந்தார். ஏதோ பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கல்லைத் தொட்டிக்குள் இறக்கி வைத்தார்.

மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் டியூட்டிக்குக் கிளம்புமுன் விடியலில் டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்தார். கண்ணாடி முழுக்க ஏதோ ஊர்ந்தது. நொய்யரிசி அளவு, சாம்பல் நிறம். ஐம்பது அறுபது இருக்கும். வெளிச்சம் பட்டதும் கல்லுக்கடியில் ஓடி ஒளிந்தன. அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. பிறகு மீன்களைத் தேடினார். சின்ன மீனின் வால் பக்கத்தில் ஒரு சிவப்புப் புண்.

தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டார். ஒருவர், “நல்லது, மீனுக்குத் தீனி” என்றார். இன்னொருவர், “மீன் பேன். ரத்தம் குடிக்கும். எல்லாத்தையும் கொட்டிட்டு பிளீச்சிங் போடுங்க” என்றார். மூன்றாமவர், ஒரு மீனின் வாய்க்குள் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும் படத்தை மட்டும் அனுப்பினார். செல்லப்பன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஜெயசுதா எட்டிப் பார்த்தாள். “பூச்சிதான? எங்கப்பா வூட்டுல பருத்திக்கு அடிச்ச மருந்து மிச்சம் கெடக்கு. குன்னத்துக்கு போன் போடவா?”

“அடிப்பாவி, அதுல ஒரு சொட்டு விட்டா மீனும் சேந்து போயிடும்.”

“அப்ப என்னதாங்க செய்யறது?”

“மொதல்ல இது என்னான்னு தெரியணும்.”

மறுநாள் சொட்டு மருந்துக் குழாயால் மூன்றை உறிஞ்சி, கடல்தண்ணீரோடு ஒரு மாத்திரை பாட்டிலில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வண்டியை எடுக்குமுன் அரியமுத்து அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “மரவட்டைக் குட்டி” என்றார். வெங்காய மூட்டையோடு ஏறிய ஆண்டாயி என்ற அம்மாள், “இது எங்க வெங்காயத் தாளுல வர்ற பேனுங்க தம்பி” என்று அடித்துச் சொன்னாள். பாலிடெக்னிக் பையன்கள் இறால் குஞ்சு என்றார்கள். பெரம்பலூர் வருவதற்குள் ஒரே பாட்டிலுக்கு மூன்று பெயர்.

தினமும் அதே பஸ்ஸில் வரும் சண்முகப்பிரியா பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். “கொண்டாங்கண்ணே, மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாத்துடுவோம்” என்றாள். அடுத்த டிரிப்புக்கு நேரம் இருந்ததால் செல்லப்பனும் கூடப் போனார்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “பூச்சின்னா ஆறு காலுதான இருக்கணும்? இதுக்குப் பதினாலு இருக்குண்ணே.”

“பதினாலா?”

“ரெண்டு தடவ எண்ணிட்டேன். நீங்களே பாருங்க.”

செல்லப்பன் பார்த்தார். குழாய்க்குள் ஒரு ராட்சதன் தெரிந்தான். அடுக்கடுக்காய் ஓடு, மீசை, கறுப்புக் கண். வீட்டில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் இருந்தது. அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று.

தனக்கு விலங்கியல் நடத்திய தமிழழகன் சாருக்கு அவள் படத்தை அனுப்பினாள். மத்தியானம் அவரே செல்லப்பனுக்குப் போன் செய்தார்.

“இது பூச்சியே இல்லைங்க. நண்டு, இறால் எல்லாம் இருக்குல்ல, அதுக்குச் சொந்தக்காரன். ஐசோபாடுன்னு சொல்லுவோம்.”

“மீனைக் கடிக்குமா சார்?”

“அங்கதான் சிக்கல். இதுல ஒரு வகை பாசி மேயும், பாவப்பட்டது. இன்னொரு வகை மீனைக் கடிக்கும். உங்க படம் தெளிவா இல்ல. ஒண்ணு செய்யுங்க, தொட்டுப் பாருங்க. பந்து மாதிரி சுருண்டுச்சுன்னா பெரும்பாலும் பயமில்ல.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாட்டிலில் மிஞ்சியிருந்த இரண்டையும் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றித் தீக்குச்சியால் தொட்டார். சுருளவில்லை. இன்னொரு முறை தொட்டார். அசையக்கூட இல்லை. செல்லப்பன் எழுந்துபோய் பிளீச்சிங் பவுடரையும் பெரிய வாளியையும் எடுத்து வைத்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“சுருளல ஜெயா. கடிக்கிற சாதிதான். நாளைக்கு எல்லாத்தையும் கழுவிட வேண்டியதுதான்.”

ஜெயசுதா கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். “நாள் பூரா சட்டப்பையில வெயில்ல வெச்சிருந்தீங்க. செத்துப் போனது எப்புடிங்க சுருளும்?”

செல்லப்பனுக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் ஞாயிறு, வார ஓய்வு. விடியலில் உயிரோடு மூன்றைப் பிடித்தார். ஜெயசுதா டார்ச் பிடிக்க, காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டார். முதலாவது சட்டென்று சுருண்டு, கடுகுபோல் உருண்டது. “ஏய்!” என்றாள் ஜெயசுதா. இரண்டாவதும் சுருண்டது. மூன்றாவது சுருளவில்லை. கிண்ணத்தின் அடியில் ஒருக்களித்துப் படுத்து, பக்கவாட்டிலேயே வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடி குழப்பம். வீடியோ எடுத்துச் சாருக்கு அனுப்பினார்.

“அது வேற இனம். அதுவும் சாது, அழுகினதைத் தின்னுட்டு இருக்கும். ஒரே கல்லுல பல குடும்பம் வந்திருக்குங்க” என்று பதில் வந்தது.

அப்படியானால் புண்? அன்று பகல் முழுக்க இருவரும் தொட்டி முன்னால் மாறி மாறி உட்கார்ந்தார்கள். பதினொரு மணி வாக்கில் பெரிய மீன் சின்ன மீனை மூலைக்குத் துரத்திப்போய், வாலடியில் அதே இடத்தில் ஒரு கடி கடித்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கடி.

“அந்தப் பூச்சிங்க மேலயா பழி போட்டோம்?” என்றார் செல்லப்பன். “இந்த மீனுல பெருசுதான் பொட்ட. தான்தான் பெருசுன்னு காட்டுதாம்.”

“அப்புடியா?” என்றாள் ஜெயசுதா. “அது எதுக்குக் கடிச்சுச்சோ, நமக்கென்ன தெரியும்.”

செல்லப்பன் பாறையை இரண்டாக உடைத்து வைத்து, சின்ன மீன் ஒதுங்க இடம் செய்து கொடுத்தார். பத்து நாளில் புண் ஆறியது. பிளீச்சிங் பவுடர் குளியலறைக்குப் போனது.

செல்லப்பன் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். கண்ணாடியில் தெரிவதையெல்லாம் பென்சிலால் வரைகிறார். சுருள்வது ஒரு பக்கம், ஒருக்களித்து ஓடுவது ஒரு பக்கம். வாலில் இரண்டு முட்டைப்பை தூக்கித் திரியும் வெள்ளைப் புள்ளி ஒரு பக்கம். நாலாம் பக்கத்தில் தூசி அளவில், உடம்பைவிடக் காலெல்லாம் நீளமாய், சிலந்தி போன்ற ஒன்று. தமிழழகன் சார் அதைப் பார்த்துவிட்டு, “எனக்கே தெரியலீங்க, விசாரிச்சுச் சொல்றேன்” என்றார். ஒரு மாதமாகிறது, இன்னும் சொல்லவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே பெயர் எழுதும் கோட்டில் செல்லப்பன் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தேடுகிறார்.