நாலு தசம் இரண்டு

இங்கே காலையில் நோயாளிகளைப் பார்க்கும் ரவுண்டில் தினமும் ஒரு விசித்திரம் நடக்கும். நான் ஒரு கேள்வி கேட்பேன். கையில் கோப்பியோடு நிற்கும் இருபத்தேழு வயது டொக்டர் என் முகத்தை நேராகப் பார்த்து, "ஐ டோன்ட் நோ" என்பாள். அதற்கு நான், "நல்லது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று பாராட்ட வேண்டும். பாராட்டாவிட்டால் வருட முடிவில் என்னைப் பற்றி எழுதிவிடுவார்கள்; இங்கே படிப்பவர்கள்தான் படிப்பிப்பவர்களுக்குப் புள்ளி போடுகிறார்கள். அமெரிக்காவின் நடுவில், ஐந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. பட்டம் முடித்துவிட்டு மெடிசின் வார்ட்டில் மூன்று வருடம் தொழில் பழகும் டொக்டர்மாரை, ரெசிடென்ட்கள் என்பார்கள், அவர்களைப் பயிற்றுவிக்கிறேன். வந்து பதினான்கு வருடமாகிறது. அந்தத் "தெரியாது" இன்னும் என் காதுக்குப் பழகவில்லை. யாரோ பீங்கானைக் கை தவறவிட்டதுபோல ஒவ்வொரு தடவையும் திடுக்கிடுகிறேன்.

நான் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்துத் திகனக்காரி. கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் தொழில் பழகினேன், பெயர் வேண்டாம். பெரிய டொக்டர் வார்ட்டுக்குள் வந்தால் நாங்கள் பின்னால் கைகட்டி நடப்போம். சேர் கேட்டால் பதில் இருக்க வேண்டும். சரியா பிழையா என்பது அடுத்த விசயம். "தெரியாது சேர்" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொன்னால் தாதிமார், நோயாளிகள், வாசலில் சோற்றுப் பார்சலோடு நிற்கும் சொந்தக்காரர் எல்லோர் முன்னாலும் மானம் போகும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரவில்லையென்றால் நோயாளியின் முகத்தைப் பார்த்து ஒரு நம்பரைச் சொல்லிவிடுவது, ரவுண்ட் முடிந்ததும் லெபுக்கு ஓடிச் சரிபார்ப்பது. இதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. எங்களுக்கு மூத்தவர்கள் சொல்லித் தந்தார்கள், நாங்கள் அடுத்து வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊருக்குப் பக்கத்து மடவளையிலிருந்து ரிஸ்வான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரெசிடென்டாக வந்து சேர்ந்தார். நேர்முகத் தேர்வில் அவருக்காக மற்றவர்களோடு வாதாடியவள் நான்தான். கெட்டிக்காரர், நோயாளிகளிடம் அன்பானவர். எல்லோரும் என்னை "நஸீரா" என்று பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் அவர் மட்டும் "மெடம்" என்பார். நான் அறைக்குள் போனால் கதிரையை விட்டு எழும்புவார். அது எனக்குப் பிடித்திருந்தது, ஒளிப்பானேன்.

இரண்டாம் வருடம் ஒரு திங்கட்கிழமை, சிறுநீரகம் பழுதான ஒரு வயதானவரின் கட்டிலருகே நின்று, இன்றைய பொட்டாசியம் எவ்வளவு என்று ரிஸ்வானிடம் கேட்டேன். நாலு தசம் இரண்டு என்றார். அழகான நம்பர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை நம்பி ஒரு மருந்து எழுதச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் மருந்தகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கம்பியூட்டரில் ஆறு தசம் நாலு என்று இருக்கிறது, இந்த மருந்தைக் கொடுத்தால் இன்னும் ஏறும், இதயம் நின்றுபோகலாம் என்றார்கள். மருந்து உள்ளே போகவில்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரிஸ்வான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி அகப்பட்டது இது இரண்டாவது தடவை. முதல் தடவையே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள்.

அவரை என் அறைக்குக் கூப்பிட்டேன்.

"கம்பியூட்டர்ல பார்க்கல்லதானே?"

"இல்ல மெடம்."

"பார்க்கல்லண்டு செல்றதுக்கு என்ன?"

"வேற ஆள் கேட்டா செல்லீப்பேன் மெடம். நீங்க கேக்கக்குள்ள தெரியாதுண்டு செல்ல வாய் வரல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். காரணம் ரிஸ்வான் இல்லை, மாரியாயி. கண்டியில் நான் தொழில் பழகிய முதல் வருடம், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த கொழுந்து பறிக்கும் பெண். அவருக்கும் சிறுநீரகம்தான். கட்டில் இல்லாமல் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தார். "டாக்டரம்மா, காலு ரெண்டும் பாரமா கெடக்குங்க" என்றார் காலையில். சேர் பொட்டாசியம் கேட்டபோது ரிப்போர்ட் வந்திருக்கவில்லை. நாலு தசம் இரண்டு என்றேன். சேர் தலையாட்டிவிட்டு அடுத்த பாய்க்குப் போனார். அன்று வார்ட்டில் கூட்டம். லெபுக்கு ஓட நேரம் கிடைக்கவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு மாரியாயி போய்விட்டார். நாலு மணிக்கு ஒரு துண்டுக் கடதாசியில் வந்த ரிப்போர்ட்டில் ஏழு தசம் ஒன்று என்று இருந்தது. அதை அவருடைய டிக்கெட்டில், நோய்க் குறிப்பு எழுதும் அட்டையில், ஒட்டி மூடி வைத்தேன். யாரும் கேட்கவில்லை. சரியான நேரத்தில் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்பதும் எனக்குத் தெரியாது. என் கணவருக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

ரிஸ்வானின் காரியத்தைத் தீர்மானிக்க மூன்று பேர் கூடினோம். தலைமை கேத்லீன், பயிற்சிக்குப் பொறுப்பானவர், நல்ல மனுஷி. வேலை போனால் ரிஸ்வானுக்கு விசாவும் போகும், மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவரைக் காப்பாற்ற நினைத்து, எங்கள் வார்ட்டுகளில் பெரியவர்களிடம் தெரியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு, வளர்ப்பு அப்படி என்று விளக்கினேன். கேத்லீன் பரிவோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியென்றால் அங்கே பயின்ற எல்லோரையும் நாங்கள் சந்தேகிக்க வேண்டுமா?" என்றார். குத்திக்காட்டவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். ஒருவரை மீட்கப் போய் முழு நாட்டின் கழுத்திலும் ஒரு பலகையை மாட்டிவிட்டேன்.

"நீங்களும் அங்கேதானே பயின்றீர்கள், நஸீரா. நீங்கள் எப்போதாவது அப்படிச் செய்ததுண்டா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ரிஸ்வானைத் திருத்தலாம், நான் திருந்தவில்லையா என்று கேட்டிருக்கலாம். "நெவர்" என்றேன். கண்ணிமைக்காமல் சொன்னேன். அங்கே பயின்ற நான் செய்யாததை அவர் செய்தார் என்றான பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு ஆதரவாக மூன்றாவதாக உயர்ந்த கை என்னுடையது.

போகுமுன் ரிஸ்வான் என் அறைக்கு வந்தார். "எனக்காகப் பேசினீங்களாம் மெடம். கேத்லீன் செல்லிச்சி. மறக்க மாட்டேன்" என்றார். என்னைக் கண்டால் எழும்பும் அதே மரியாதையோடு இப்போதும் நின்றுகொண்டேதான் பேசினார். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் இப்போது திகன டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் நோயாளிகளைப் பார்க்கிறார். எனக்கு இது தெரிய வந்தது என் உம்மா மூலம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உம்மா மூச்சு விடாமல் அவரைப் பற்றியே பேசினார்.

"அந்த மடவளை டொக்டர்ட்டத்தான் இப்ப பிரஷருக்குப் போற. நல்ல புள்ள. ஒன்னு கேட்டா, எனக்குத் தெரியாது உம்மா, பார்த்துட்டுச் செல்றேண்டு செல்றாரு. எங்கட ஊர்ல எந்த டொக்டர் அப்படிச் செல்ற? ரிப்போர்ட்ட ரெண்டு தரம் பார்க்காம வாயத் தொறக்க மாட்டாரு."

இந்த நாடு வேண்டாம் என்று திருப்பியனுப்பிய மனிதர் இந்த நாட்டின் பாடத்தோடு என் ஊரில் இருக்கிறார். நான் என் பழைய வார்ட்டை மடியில் கட்டிக்கொண்டு இங்கே குடியுரிமையோடு இருக்கிறேன்.

"இந்தப் பழக்கத்த யாரு படிச்சித் தந்தண்டு கேட்டேன்" என்றார் உம்மா. குரலில் பெருமை தாங்கவில்லை. "ஒங்கட மகள்தாண்டு செல்றாரு. மெய்தானே?"

"மெய்தான் உம்மா" என்றேன்.