மயிரிழை பிசகாத கையெழுத்து

பென்ஷன் ஆபீசில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. பென்ஷன் வாங்கும் ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒருமுறை, ‘நான் உயிரோடுதான் இருக்கிறேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதைப் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. அப்பன் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகியும் அப்பன் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளை அவள் பிடித்த கதைகள் ஏராளம். போலீஸ்காரர்களே சந்தேகமான காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருப்பாளா? அங்கேயும் கையெழுத்துதான்.

பேர் பெற்றவர்களுக்குக் கடிதம் எழுதி, தபாலிலேயே கையெழுத்து வாங்கிச் சேர்ப்பது அவள் பொழுதுபோக்கு. நடிகர்கள், பாடகர்கள், பந்தாட்டக்காரர்கள் என்று ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. ஒரு கடிதம், அவர்களுடைய படம் ஒன்று, கூடவே தன் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதி ஸ்டாம்பு ஒட்டிய காலிக் கவர். படத்தில் கையெழுத்துப் போட்டு அந்தக் கவருக்குள் வைத்துத் திருப்பி அனுப்பினால் போதும். தான் எழுதும் கடிதத்துக்குக் கார்பன் வைத்து, கையெழுத்து உட்பட நகல் எடுத்து, தேதிவாரியாக அடுக்கி வைப்பாள். ஆபீஸ் புத்தி எங்கே போகும்!

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறைதான் கடை. தபால்காரர் மணியடித்துக் கொடுத்துவிட்டுப் போவதை வாங்கி மெஷின் மேல் வைத்திருப்பார். மாலையில் அவள் படியேறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“இந்தா, உனக்கு நீயே எழுதிக்கிட்ட லெட்டர் வந்திருக்கு.”

“கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை” என்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போவாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கவர்கள்தான் விருந்தாளி. தையல்காரருக்கும் அது தெரியும். கிண்டலை மட்டும் விடமாட்டார்.

எல்லாரையும் விட அவளுக்கு உசத்தி ஒரு பாடகி. பாடுவதை நிறுத்தி ரொம்ப காலமாகிவிட்டது. எட்டாத தூரத்தில், பெரிய வீட்டில், ஒரு காரியதரிசியை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். வருடா வருடம் அவள் பிறந்தநாளுக்கு இவள் எழுதுவாள், கடிதத்தில் ஒரு கேள்வி கேட்பாள். படத்தின் பின்பக்கம் ஒற்றை வரியில் பதில் வரும். “எந்தப் பாட்டைப் பாடும்போது அழுதீர்கள்?” என்று ஒருமுறை கேட்டதற்கு, “காசு தராமல் ஏமாற்றிய எல்லாப் பாட்டுக்கும்” என்று பதில் வந்தது. அன்றைக்கு அவளும் வீட்டுக்காரரும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பதிலுக்கு இவளும் தன் கதை முழுவதையும் கொட்டி எழுதுவாள். எத்தனை மணிக்கு ஆபீஸ், வீட்டுக்காரருக்கு எதற்குக் கோபம் வரும், சாவியை எங்கே வைப்போம் என்பதுவரை. பதினெட்டு வருடம் அப்படித்தான் போனது.

இந்த வருடம் வந்த படத்தை அவள் ஆல்பத்தில் ஒட்டவில்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. போன வருடமும் பதில் இல்லை; உடம்புக்கு முடியவில்லையோ என்று அப்போது விட்டுவிட்டாள். இப்போது இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்.”

தையல்காரர் கத்தரிக்கோலோடு வந்தார். இரண்டு கையெழுத்தும் ஒரே கையெழுத்தாகத் தெரிந்தன.

“மயிரிழை பிசகல. அப்படியே ஒட்டுது” என்றாள்.

“நல்லதுதானே, சந்தோஷப்படு.”

“நீங்க ஒருத்தர்! ஒரே ஆள் நூறு தடவை போட்டாலும் ஒண்ணு மாதிரி இன்னொண்ணு வராதுங்க. கொஞ்சமாவது இழுக்கும், சாயும். இப்படி ஒட்டுச்சுன்னா, ஏதோ ஒண்ணை அடியில வச்சு ரெண்டையும் வரைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். நீங்க அட்டையில அளவு வெட்டி, அதை வச்சுத் துணி வெட்டறீங்களே, அந்த மாதிரி. இந்தம்மாவுக்கு நாலு வருஷமா கை நடுக்கம் வேற, முன்ன வந்த படத்துலயே தெரியும். இதுல நடுக்கமே இல்ல.”

“காரியதரிசி போட்டிருப்பான். பெரிய இடத்துல அப்படித்தான்.”

“போடட்டும், யாரு வேணாம்னா? அந்தம்மா ஏன் ரெண்டு வருஷமா ஒரு வரி எழுதல? அவங்க இருக்காங்களா, இல்லையான்னே எனக்குப் புரியல.”

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படங்களைப் பார்த்தார். ஆனாலும் வாய் வழக்கம்போலத்தான் பேசியது. “நமக்கெதுக்கு ஊர் வம்பு? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத.”

அவள் கேட்கவில்லை. பாடகியின் நலம் விசாரித்து மறுபடியும் கடிதம் எழுதினாள், வழக்கம்போல் காலிக் கவரும் வைத்தாள். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. கையெழுத்தில் சந்தேகம் வந்தால் ஆளை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆபீஸ் சட்டம். நான்கு நாள் லீவு போட்டு ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டாள்.

“வர்ற தேதியை எழுதிப் போட்டுட்டேன். சொல்லாம கொள்ளாம போய் நின்னா மரியாதையா இருக்காது” என்றாள்.

திருடனுக்குத் தேதி சொல்லிவிட்டா போவார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பள்ளிக்கூடச் சட்டைகள் நூற்றைம்பது பட்டனுக்குக் காஜா எடுக்காமல் கிடந்த எரிச்சலில், “போறதுன்னா போ. போய் அங்கேயே இருந்துக்க, எனக்கென்ன?” என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஐந்தாவது நாள் அவள் வரவில்லை. அப்போது வீட்டுக்கு வீடு போன் ஏது? ஆறாவது நாளும் தையல்காரர் ஸ்டேஷனுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். என் வாயில் சனிதான் உட்கார்ந்திருந்தது என்று தலையில் அடித்துக்கொண்டார். ஏழாவது நாள் மணியடித்தது. கவரின் மேல் அவள் கையெழுத்திலேயே விலாசம். அழுகையே வந்துவிட்டது மனுஷனுக்கு.

உள்ளே டைப் அடித்த தாள் ஒன்று. “நான் நலம். அம்மையாருக்குத் துணையாகச் சில மாதம் இங்கேயே தங்குகிறேன். என்னைத் தேடி வர வேண்டாம். ஆபீசுக்கும் எழுதிவிட்டேன்.” கீழே இனிஷியலோடு அவள் முழுக் கையெழுத்து.

தையல்காரர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் போனால் அவருக்கு எழுதும் கடிதத்தில் அவள் கையெழுத்துப் போட்டதே கிடையாது. கட்டின புருஷனுக்குக் கையெழுத்து எதுக்கு, என் எழுத்து தெரியாதா என்பாள். விலாசம் அவள் எழுதியதுதான். ஆனால் பதில் வராத கடிதத்தோடு அவள் வைத்த காலிக் கவர் பாடகி வீட்டிலேயேதானே இருந்தது!

அலமாரியைத் திறந்து கார்பன் நகல்களை எடுத்தார். கடிதத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் ஒவ்வொரு நகலாக வைத்துப் பார்த்தார். முதல் வருடத்துக் கையெழுத்து விலகியது. இரண்டாவதும் விலகியது. அடுத்தடுத்து அத்தனையும் விலகின. கடைசியாக, நலம் விசாரித்து எழுதி, பதில் வராத அந்தக் கடிதத்தின் நகலை வைத்தார். சுழி சுழியோடு, புள்ளி புள்ளியோடு உட்கார்ந்தது. எடுத்துவிட்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். அப்போதும் ஒட்டியது.

கடிதத்தையும் அந்த நகலையும் எடுத்துக்கொண்டு, கடையைக்கூடப் பூட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். மனைவியைக் காணோம், இந்தக் கடிதம் பொய் என்று மூச்சுவாங்கச் சொன்னார். போலீஸ்காரர் இரண்டு தாளையும் சேர்த்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“அச்சு அசலா இருக்கே. உங்க சம்சாரம் போட்டதுதாங்க. கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க, தானா வருவாங்க. போங்க.”

“ஐயோ, ஒட்டறதாலதான் சார் பொய்யி!”

“நல்லா இருக்கே உங்க நியாயம்! ஒட்டலைன்னா பொய்யின்னு சொல்லலாம், ஒட்டினா எப்படிங்க பொய்யாகும்?” போலீஸ்காரர் சிரித்தார். தையல்காரரின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கம் வந்தது போல. தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். “சரி, நான் சொன்னா உங்களுக்கு நம்பிக்கை வராது. பென்ஷன் ஆபீஸ்ல ஒரு அம்மா இருக்காங்க. பேரு எனக்குத் தெரியாது, பூதக்கண்ணாடின்னு கேளுங்க, காட்டுவாங்க. எங்களுக்கே சந்தேகம்னா அவங்ககிட்டதான் போவோம். அவங்க பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே கிளம்பறேன்.”

தையல்காரர் தாள்களை மேஜை மேலேயே திரும்ப வைத்தார்.

“அவளைத்தான் சார் காணோம்.”