கிரான்பெரி ரின்னில் முப்பத்தொரு மிளகாய்க் கன்றுகள்

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரிந்த நாள் முதல் எங்கள் வீட்டில் அரிசிமாப் பிட்டு தடை செய்யப்பட்டது. அதன் இடத்துக்குக் குரக்கன் என்கிற கேழ்வரகுப் பிட்டு வந்தது. குரக்கனைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்லமாட்டேன். உடம்புக்கு நல்லது. பார்க்க ஈரமண் போல இருந்தால் அது அதன் குற்றமல்ல.

இந்த வருடம் பொங்கலுக்கு முந்தின கிழமை மனைவியோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தேன். மூன்று மாதத்தில் அடுத்த இரத்தப் பரிசோதனை. அதில் சீனி இறங்கியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அரிசிமாப் பிட்டு. இறங்காவிட்டால் குரக்கன்தான், மேல்முறையீடு கிடையாது.

அன்றே தேநீருக்குச் சீனியை நிறுத்தினேன். பிளாசாவில் பொரித்த ரோல்ஸ் விற்கும் கடையைக் கடக்கும்போது மறுபக்கம் பார்த்து நடந்ததில் ஒருமுறை விளக்குக் கம்பத்தோடு மோதியும் இருக்கிறேன். இவ்வளவும் போதாதென்று ஒரு மருந்தும் தேடினேன்.

மருந்தைச் சொன்னவர், கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியிலேயே இரண்டு தளம் மேலே இருக்கும் அண்ணை ஒருவர். தனக்குச் சலக்கடுப்பு வந்து சிறுநீர் எரிந்த நேரம் கிரான்பெரி ஜூஸ் குடித்ததாகவும், ஒரே கிழமையில் சுகம் என்றும் லிஃப்ற்றில் சொன்னார். நான் ஒன்பதாம் மாடியில் இறங்கிவிட்டதால் மிச்சக் கதை அவரோடு பதினோராம் மாடிக்குப் போய்விட்டது.

எனக்கிருந்தது வேறு வருத்தம் என்பது உண்மைதான். ஆனால் கசப்பும் கயர்ப்பும் சீனியை அடிக்கும் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியாததா? பாகற்காய், வெந்தயம், வேப்பம்பூ எல்லாம் அந்தக் கட்சி. கிரான்பெரி வாயைச் சுருக்கும். ஆகவே அதுவும் அடிக்கும். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவன் நான் என்பதையும் இந்த இடத்தில் பதிந்து வைக்கிறேன்.

கடை ஃபிரீசரில் மலிவாகக் கிடந்தது அது. சின்ன மட்டைக் குழாய், இரண்டு முனையிலும் தகரம், உள்ளே கட்டியாக உறைந்த கடுஞ்சிவப்புச் சாறு. ஒரு ரின் சாற்றுக்கு மூன்று ரின் தண்ணீர் விடும்படி எழுதியிருந்தது. அது சுகதேகிகளுக்கு என்று எடுத்துக்கொண்டேன். மருந்துக்கு அவ்வளவு தண்ணீர் கலந்தால் பிறகு அது என்ன மருந்து? ஒரு ரின் தண்ணீர் மட்டும் விட்டு, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் குடித்தேன். மனைவி விடியமுன் வேலைக்குப் போய்விடுவாள். நான் முகத்தைச் சுளிக்கிற அழகைப் பார்க்க வீட்டில் ஆளில்லை.

நல்ல மருந்தைக் காலையோடு நிறுத்துவானேன்? தடிமன் பிடித்தபோது இஞ்சியோடு சுடுதண்ணீரில் கரைத்தேன். தேசிக்காய் இல்லாத நாளில் மீன் பொரியலுக்கு ஒரு கரண்டி தெளித்தேன். ஒருமுறை ரசத்துக்குப் புளி காணவில்லை, அதற்கும் இதுதான். பீற்றூட் போட்டதோ என்று மனைவி கேட்டாள். நான் தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை.

வெறும் ரின்களை எறிய மனம் வரவில்லை. கழுவி, மண் நிரப்பி, மிளகாய் விதை போட்டு, வரவேற்பறை ஜன்னலோரம் இடமிருந்து வலமாக அடுக்கினேன். பின்பனிக்காலத்தில் பச்சையைப் பார்ப்பது கண்ணுக்கு நல்லது.

சித்திரையில் பரிசோதனை முடிவு வந்தது. சீனி ஏறியிருந்தது. வைத்தியர் என்னைப் பார்த்தார், மனைவி என்னைப் பார்த்தாள், நான் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றமுதல் விசாரணை தொடங்கியது.

"எங்க திண்டனீங்கள்? ரோல்ஸ் கடையிலயோ?"

"சத்தியமா ஒண்டும் திண்டேல்லை."

"அப்ப சீனி என்ன, காத்தில வந்ததோ?"

முப்பது வருடத் தாம்பத்தியத்தில் நான் இவ்வளவு குற்றமற்றவனாக இருந்ததே இல்லை. அந்தத் துணிவில் எல்லாவற்றையும் சொன்னேன். தேநீரைச் சொன்னேன், விளக்குக் கம்பத்தைச் சொன்னேன், கடைசியாக மருந்தையும் சொன்னேன். ஃபிரீசரைத் திறந்து, மீன் பொதிகளுக்குப் பின்னால் கிடந்த ரின்னை எடுத்தும் காட்டினேன்.

அவள் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரின்னின் பக்கவாட்டை வாசித்தாள். நான் வாசிக்காத பக்கம். முதலில் தண்ணீர், அடுத்தது சீனி, அதற்குப் பிறகுதான் கிரான்பெரி. விற்றமின் சி இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் சொன்னபடி மூன்று மடங்கு தண்ணீர் விட்டாலே ஒரு கிளாஸில் ஏழெட்டுத் தேக்கரண்டி சீனி. நான் விட்ட தண்ணீரைக் கேட்டாள். சொன்னேன். அவளுடைய உதடுகள் கணக்குப் போட்டு அசைந்தன.

பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். அங்கே முப்பத்தொரு ரின்கள். இடது கோடியில் ஒரு சாண் உயரக் கன்று, வலது கோடியில் அப்போதுதான் மண்ணைப் பிளந்தது.

"நான் உந்த ரின்னெல்லாம் மேல்மாடி அண்ணை தந்தது எண்டெல்லோ நினைச்சன்," என்றாள். இடது கோடிக் கன்றைத் தொட்டாள். "உது பொங்கலுக்குக் குடிச்சது." நடுவில் வந்து நின்றாள். "உது சிவராத்திரி. விரதத்திலயும் குடிச்சிருக்கிறீங்கள்."

ரோல்ஸ் தின்றதாகவே ஒப்புக்கொண்டிருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அது மரியாதையான குற்றம். ஸ்காபரோவில் என் வயதுக்காரரில் பாதிப்பேர் செய்வது.

"சரி, ரெண்டு ரோல்ஸும் திண்டனான்," என்றேன்.

"பொய். நீங்கள் கள்ளன் இல்லை, அது எனக்கு விளங்குது. நீங்கள்…" கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வசனத்தை முடிக்கவில்லை. அவள் எனக்குக் காட்டிய பெரிய மரியாதைகளில் அதுவும் ஒன்று.

தீர்ப்பு இரவுச் சாப்பாட்டோடு வந்தது. "உந்த மிளகாய் காய்க்கட்டும். சீனியும் இறங்கட்டும். அதில தேங்காயும் போட்டுச் சம்பல் இடிச்சு அரிசிமாப் பிட்டு அவிச்சுத் தாறன்."

ஒரு கன்றை எனக்கு விட்டுவிட்டு மிச்ச முப்பதையும் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்தாள். ஒவ்வொரு கன்றோடும் அதன் வரலாறும் போனது. றிச்மண்ட் ஹில் கோயிலில் முன்பின் தெரியாத ஒரு பெண், "அந்த ஜூஸ் மிளகாய் அண்ணை நீங்களோ?" என்று பணிவாகக் கேட்டார். ஓம், நான்தான் என்றேன். பதினோராம் மாடி அண்ணையும் ஒரு கன்று வாங்க வந்தார். சலக்கடுப்புக்கு வைத்தியர் தந்த குளிசையும் போட்டவராம். அதை இப்போதுதான் சொன்னார்.

மே மாதக் குளிரில் பகலில் பல்கனிக்கும் மாலையில் வீட்டுக்குள்ளுமாக தொட்டிக்கு மாற்றிய அந்த ஒற்றைக் கன்றைத் தூக்கித் திரிந்தேன். பிள்ளைகளை அப்படித் தூக்கினேனா என்பது சந்தேகம். ஜூலையில் சீனி இறங்கியது. ஓகஸ்ட்டில் ஒரு காய் வந்தது. பிடுங்காமல், தொட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன்.

"உது பச்சை," என்றாள். "சம்பலுக்குச் செத்தல் வேணும்."

தொட்டியைத் திரும்பப் பல்கனிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். இன்று காலை நுனி சிவக்கத் தொடங்கியிருக்கிறது. அந்தச் சிவப்பு எனக்கு நன்றாகப் பழக்கம். முழுதும் பழுத்து, பிறகு செத்தலாகக் காய வேண்டும்.