கல்லாகிய மரத்துக்கு நைவேத்யம்

எங்கள் பூஜையறையில் வெள்ளித் தட்டில் இருப்பது சாளக்கிராமம் அல்ல. மரத்துண்டு. மண்ணுக்குள் கிடந்து கல்லாகிப் போன மரம். கல்லாற்றுக்குப் போகும் சாலையோரம், சரளைக் குவியலிலிருந்து நான் பொறுக்கியது. அதைச் சாளக்கிராமம் என்று சொன்னவளும் நான்தான்.

எல்லாக் கல்லும் தெய்வம்தானே என்று நீங்கள் பெரிய மனத்துடன் சொல்லக் கூடும். தயவுசெய்து சொல்லாதீர்கள். முழுவதும் கேளுங்கள்.

நான் நிலவியல் படித்தவள். பாறைகளைப் பற்றிய படிப்பு. மேலே படிக்க இடம் கிடைத்த வருடமே கல்யாணமாகி, திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். நல்ல மனிதர்கள். என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை. அதுதான் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இல்லாமல் செய்துவிட்டது.

கோயிலுக்கும் சாலை பஜாருக்கும் என்று சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லாற்று மலைப் பக்கம் போக வித்துரா பஸ் ஏறுவேன். அங்கே அப்போது சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வெட்டிய மண்சுவரும், லாரிகள் கொட்டிய கல்லும் வழி நெடுகக் கிடக்கும். கல்லை நனைத்தால்தான் அதன் ரேகை தெரியும். நனைக்க நான் எடுத்தது என் மகளின் தண்ணீர்ப் புட்டியை. வெயிலில் அவள் "தாகம்" என்று சொல்லும்போது புட்டி காலியாக இருக்கும்... பிறகும் போனேன்.

அன்று கிடைத்தது கறுப்பாக, உள்ளங்கை நிறையும் உருண்டை. நடுவில் ஒரு துளை. தண்ணீர் பட்டதும் துளையைச் சுற்றி வளையம் வளையமாக ரேகைகள் எழும்பின. ஒரு மரம் வாழ்ந்த வருடங்கள்! அந்த மலையில் அப்படிக் கல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். எந்த ஊர்ச் சரளையோடு லாரியேறி வந்ததோ... குழந்தையை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் பஸ்ஸும் தவறியது.

வீடு திரும்பியபோது விளக்கு வைத்தாகிவிட்டது. மாமியார் வாசலில் நின்றிருந்தார். அவர் பையை வாங்கித் திறக்கையில் கல் தெரிந்தது.

"இது என்னவாக்கும்?"

"அம்மா ரோட்டுல பெறக்கினா பாட்டி" என்றாள் என் மகள்.

நான் அவளைப் பார்த்தேன். அந்த ஒரு பார்வையில் நான்கு வயதுக் குழந்தை வாயை மூடிக்கொண்டது. அதற்குள் மாமியார் துளைக்குள் பார்த்துவிட்டார்.

"சக்கரம் மாதிரின்னா இருக்கு. சாளக்கிராமமா?"

அவரே எனக்கு ஒரு வழியைத் திறந்து கொடுத்தார். நான் நுழைந்தேன். "ஆமாம்மா. கோயில்ல ஒரு வடக்கத்திச் சாமியார் கையில குடுத்தார். அவரோட பேசிண்டிருந்ததுலதான் லேட்டாயிடுத்து."

சாளக்கிராமத்தை விலைக்கு வாங்கக் கூடாது, யாராவது கொடுத்து வர வேண்டும் என்பார்கள். என் பொய் அந்த வழக்கத்துக்குள் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மறுநாள் மரத்துக்கு அபிஷேகம் நடந்தது.

சாளக்கிராமத்தை வீட்டில் வைத்துவிட்டால் ஒருநாளும் நைவேத்யம் இல்லாமல் அதைப் பட்டினி போடக் கூடாது. என் கணவர் தினமும் அபிஷேகம் செய்துவிட்டு ஆபீஸ் போனார். மாமியார் விடியுமுன் குளித்து, மடியாக, எதையும் தொடாமல் சாதம் வடித்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது நின்றது. பூஜை வேலைகளில் என் வித்துரா பஸ்ஸும் நின்றது. இதை எனக்குக் கிடைத்த தண்டனை என்று எண்ணி, தீர்ந்தது கணக்கு என்றிருந்தேன். எவ்வளவு சுலபமாக நம்மை நாமே விடுதலை செய்துகொள்கிறோம்!

பிறகு புனேயிலிருந்து நாத்தனாரின் போன் வந்தது. முதல் பிரசவம். அவள் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வர வேண்டும்.

"எப்படி வரது?" என்று மாமியார் தவித்தார். "பிள்ளை பெறற வீட்டுக்குப் பெருமாளைக் கொண்டுபோனா தீட்டாக்கும். இங்கே விட்டுட்டுப் போனா, இவ தூரமாற மூணு நாள் யார் சாதம் வடிப்பா?"

என் கணவர்தான் யோசனை சொன்னார். "கோயில் பட்டர்கிட்டக் குடுத்துட்டுப் போம்மா. அவர் பாத்துப்பார். வந்து வாங்கிண்டாப் போறும்."

மாமியாரின் முகம் தெளிந்தது. ரயிலுக்கு எப்போது டிக்கெட் எடுப்பது என்று கேட்கக்கூடத் தொடங்கிவிட்டார்.

இங்கேதான் என்னை நீங்கள் பார்க்க வேண்டும். ஆயுசு முழுக்கச் சாளக்கிராமங்களைக் கையில் எடுத்துக் குளிப்பாட்டியவர் அந்தப் பட்டர். சந்தனத்தைக் கழுவிவிட்டு ஒருமுறை திருப்பிப் பார்த்தால் போதும். அப்புறம் சாமியார் யார், அன்று நான் எங்கே போனேன், குழந்தையை எங்கெல்லாம் அலைத்தேன்...

"தேடி வந்தவரை நாமளே வெளியில அனுப்பலாமாம்மா?" என்றேன். பணிவாகச் சொன்னேன். கண்களில் நீர்கூட வந்தது. அது எந்த நீர் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மாமியார், "உனக்கிருக்கற பக்தி எனக்கில்லையே" என்றார். போகவில்லை.

நாத்தனாருக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. இரண்டு நாள் பிழைப்பாளா என்றிருந்தது. பிழைத்தாள். குழந்தையும் நலம். ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் அவளே போன் செய்தாள். நான் எடுத்தேன். மாமியார் ஈரத் தலையோடு பக்கத்தில் வந்து நின்றார். மடியாக இருந்ததால் ரிசீவரைத் தொட முடியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னி, நீயாவது அம்மாகிட்டச் சொல்லியிருக்கப்படாதா? நீ சொன்னாக் கேப்பாளே."

நான் யோசிக்கவே இல்லை. என்னை மன்னிக்க முடியாமல் செய்வது அதுதான். யோசிக்கவே இல்லை.

"எவ்வளவோ சொன்னேன்டி. அம்மா கேக்கலை."

மறுமுனையில் அழுகை. பிறகு, "அம்மாவை இனிமே எங்கிட்டப் பேச வேண்டாம்னு சொல்லு" என்றாள். வைத்துவிட்டாள்.

நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மாமியாரின் காதில் விழுந்திருந்தது. அவரைப் போகும்படி நான் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். சொன்னது நேர்மாறு என்பதும் தெரியும். கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டுவிட மாட்டாரா என்று ஏங்கினேன் என்றுகூடச் சொல்வேன்.

"குழந்தை பால் குடிக்கறதாமா?" என்று மட்டும் கேட்டார்.

"குடிக்கறதாம்மா."

தலையை ஆட்டினார். புடவைத் தலைப்பு சுவரில் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சாதம் வடிக்க உள்ளே போனார்.