பதினேழு வயது ரத டயர்கள்

கிள்ளானில் எங்கள் கோயில் ரதம் வருடத்துக்கு ஒரே ஒரு நாள் வெளியே போகும். மற்ற நாளெல்லாம் தகரக் கொட்டகையில், நாலு டயர் மேல், நின்றது நின்றபடி. அந்த நாலு டயரும் என் பொறுப்பு. பொதுக்கூட்டத்துக்கு வராதவர்களுக்கு வேலை ஒதுக்குவது எங்கள் வழக்கம். ஒரு வருடம் நான் போகவில்லை.

திருவிழாவுக்கு முன் டயர்களைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். கறுப்பு பாலிஷ் தடவி, சந்தனம் குங்குமம் வைப்பேன். போன வருடம் பக்கவாட்டில் மெல்லிசாக வெடிப்புகள் தெரிந்தன. பாலிஷை இன்னொரு தடவை அழுத்தித் தடவினேன். மறைந்துவிட்டது. வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

இந்த வருடம், திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ரதத்தை வண்டியில் கட்டி இழுக்க ஒப்புக்கொண்ட ஓட்டுநர் மத்தியானம் வந்தார். பக்கத்து ஊர்ப் பண்டமாரான்காரர், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். என் பாலிஷைத் துணியால் துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் டயரை அழுத்தினார். வெடிப்புகள் வாய் திறந்தன.

“அண்ணே, இதை நான் இழுக்க மாட்டேன்.”

கூட இருந்த கோயில் தலைவர் பதறினார். “தேயவே இல்லையே தம்பி! வருஷத்துக்கு பத்து கிலோமீட்டர் கூட ஓடல. புதுசு மாதிரி இருக்கு லா.”

“ஓடாததுதான் அங்கிள் பிரச்சினை. வெயிலு, பாரம், ஒரே இடத்துல நிக்கிறது. ரப்பர் செத்துப்போச்சு.” டயரில் பொறித்திருந்த நாலு எண்களைக் காட்டினார். முதல் இரண்டும் செய்த வாரம், கடைசி இரண்டும் வருடம். பதினேழு வயது. “மேல ஐயர் உட்காருவாரு. பொம்பளைங்க, பிள்ளைங்க சக்கரத்தை ஒட்டி நடப்பாங்க. அப்ப வெடிச்சா?”

“வேற டிரைவர் பாக்கலாம்” என்ற தலைவர் என் பக்கம் திரும்பினார். “போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க பாத்தீங்கதானே?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ரதம் கிளம்பிவிடும். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு பொய்யை இரண்டு நாள் தாங்கிப்பிடிக்கும் தெம்பு கூட இல்லை.

“போன வருஷமே வெடிப்பு இருந்துச்சு. நான்தான் பாலிஷ் போட்டு மூடுனேன்.”

தலைவர் கூட்டம் எதுவும் போடாமல் டயர் கடைக்குப் போன் போட்டார். எங்கள் கோயிலில் அது அபூர்வம்.

மறுநாள் நாலு டயரும் மாறின. ஸ்பேர் டயரையும் மாற்றச் சொன்னார் ஓட்டுநர்; அது பழைய நாலுக்கும் மூத்ததாம்.

“ஆறு வருஷத்துக்கு மேல, வருஷா வருஷம் டயர் கடையில காட்டுங்க. பத்து ஆச்சுன்னா பளபளன்னு இருந்தாலும் தூக்கிடுங்க. சும்மா நிக்கிறப்ப அடியில முட்டுக் குடுத்து வையுங்க, டயர் மேல பாரம் ஏறாது.”

“பத்து வருஷம் யாரு ஞாபகம் வெச்சிருப்பா?” என்றார் தலைவர்.

கொட்டகையில் ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் என்னைப் பார்த்தார்கள். தூணில் அடுத்து மாற்ற வேண்டிய வருடத்தை எழுதி வைக்கலாம் என்று பெயிண்ட் தேடப் போனேன்.