பிறந்த வீட்டுக் கோடியும் ஊமைப் பிரவுசரும்

நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் கம்ப்யூட்டருக்கெல்லாம் வைத்தியம் சொல்வதுதான் என் வேலை. சத்தம் வரவில்லை என்று யாராவது புலம்பினால், முதலில் ஸ்பீக்கர் ஆனில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். அதிலேயே பாதிப் பேர் அசடு வழிந்து போனை வைத்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு திமிர் உண்டு.

அத்தை இறந்த செய்தி விடிகாலையில் தங்கவயலிலிருந்து வந்தது. நைனாவுக்கு ஒரே தங்கை. நைனா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டதால், ஆக்ஸிஜன் குழாய் இல்லாமல் எங்கள் நீலசந்திரா வீட்டு வாசலைக்கூட அவரால் தாண்ட முடியாது. எங்கள் சனத்தில், செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அது வந்துவிட்டதா என்று ஊர்ப் பெரியவர் கூவிக் கேட்பார். கூடப்பிறந்தவன் பதில் சொல்லி, அதைப் போர்த்திய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். கடை திறந்ததும் கோடி வாங்கி, நைனாவுக்குப் பதிலாக என் தம்பியிடம் கொடுத்து ரயிலேற்றினோம். நைனா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவ மொகத்த ஒரு தபா பாத்துடறேம்மா. பெரியவரு கேக்கறது என் காதுல வுழணும்."

இதென்ன பிரமாதம் என்றுதான் நினைத்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குப் போன் திரை தெரிவதில்லை. அதனால் பழைய லேப்டாப்பை ஒயர் போட்டு டிவியோடு இணைத்தேன். தம்பி போய்ச் சேர்ந்து வீடியோ காலுக்கு லிங்க் அனுப்பினான். படம் பளிச்சென்று வந்தது. அத்தையின் மஞ்சள் பூசிய முகம், சுற்றிலும் மாரில் அடித்துக்கொண்டு அழும் பெண்கள், வாசலில் பறை. சத்தம் மட்டும் துளிகூட இல்லை.

கிழட்டு லேப்டாப் விண்டோஸைத் தாங்காது என்று, இருப்பதிலேயே எடை குறைந்த லினக்ஸாகத் தேடிப் பிடித்து அதில் போட்டிருந்தவள் நான்தான். பென்டிரைவில் சினிமா போட்டால் நன்றாகவே பேசும். பிரவுசரில் சத்தம் தேவைப்பட்டதே இல்லை, அதற்குத்தான் போன் இருந்ததே. இப்போதோ அந்தப் போன்தான் லேப்டாப்புக்கு நெட் கொடுத்துக்கொண்டிருந்தது. போனிலும் அந்த வீடியோ காலில் சேர்ந்து பார்த்தேன், இரண்டுமே திக்கி நின்றன.

தேடியதில் காரணம் கிடைத்தது. எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று, சத்தத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளையே இந்த லினக்ஸில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். சினிமா ஓட்டும் மென்பொருள் நேராக ஸ்பீக்கரிடம் பேசிக்கொள்ளும். பிரவுசருக்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை இறக்கத் தொடங்கினேன். நத்தை மாதிரி இறங்கியது. அந்த நேரம் பார்த்துப் படமும் அத்தையின் முகத்திலேயே உறைந்துவிட்டது.

ஆயிற்றா ஆயிற்றா என்று நைனா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கொஞ்சம் இருக்க மாட்டாயா என்று எரிந்து விழுந்தேன்.

"நான் இருப்பேன். அவ இருக்க மாட்டாம்மா, தூக்கிடுவாங்க."

எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், தட்டியதையே திரும்பத் தட்டினேன். ஒருவழியாக எல்லாம் இறங்கியதும் பிரவுசரை மூடித் திறந்து மறுபடி காலில் சேர்ந்தேன். சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைப் பட்டை துள்ளிக் குதித்தது. வீட்டில் மட்டும் மயான அமைதி. சனியனே, எழவே என்று வாயில் வந்தபடி லேப்டாப்பைத் திட்டினேன். டிவியில் பறைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். தம்பி போனைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பையிலிருந்து கோடியை எடுத்துக்கொண்டிருந்தான்.

சத்தம் எங்கே போய்த் தொலைகிறது என்று அமைப்புகளைத் திறந்தேன். போகிற இடமாக டிவி என்று போட்டிருந்தது. ஒயர் போட்டிருந்ததால் புதிய ஆள் சத்தத்தையும் அந்தப் பக்கமே அனுப்பியிருக்கிறான். ரிமோட் எங்கே என்று கத்தினேன். அம்மா சமையலறைக்குப் போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள்.

"காலையில நாந்தான் சுத்தமா கொறச்சு எடுத்து வெச்சேன். சாவு சேதி வந்த வூட்டுல டிவி கத்துனா எதிர்வூட்டுல இன்னா நெனப்பாங்க? படம் தெரியணும்னு தானே சொன்னே, சத்தம் வேணும்னு சொன்னியா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினேன். அழுகையும் இருமலும் நாற்காலி இழுபடும் ஓசையுமாக அந்த வீடே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. பெரியவர் கூவினார்.

"பொறந்த வூட்டுக் கோடி வந்துச்சா?"

தம்பி வாயைத் திறப்பதற்குள் நைனா டிவி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். குழாய் இழுபட்டது.

"வந்துட்டேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "அண்ணன் வந்துட்டேம்மா."

நான் போட்ட மென்பொருள் லேப்டாப்பின் மைக்கையும் எழுப்பிவிட்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. தம்பியின் போனில் நைனாவின் குரல் கேட்க, அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார்.

"அண்ணங்காரரு வந்துட்டாரு. போத்துங்கப்பா" என்றார்.

அம்மா என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.